இறந்தோர் உடல் தந்த சான்று

பிரேதத்தை அறுத்துப் பார்த்தலை மனித சமுதாயம் என்றும் வெறுப்போடுதான் நோக்கி வந்திருக்கின்றது. அவ்வெறுப்புக்கு நியாயம் இல்லாமலில்லை. 1832இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய உடற்கூற்றியற் சட்டம், உரிமை கோருவாரற்று இறந்த ஏழைகளின் உடல்களை வைத்தியக் கல்லூரிகளின் மேசைக்கு அனுப்ப வழிசெய்தது. செல்வர் வீட்டு உடல் அங்கே சென்றது அரிதினும் அரிது. ஆயினும், பாதுவா நகரப் பேராசிரியர் மொர்காக்னி 1761இல் ஏறக்குறைய எழுநூறு பிரேத பரிசோதனைகளை ஆதாரமாக்கித் தம் பெருநூலை வெளியிட்ட நாள்முதல், நோயின் உறைவிடத்தை உறுப்புகளிலே தேடும் முறை மருத்துவத்தில் வேரூன்றிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

2020ஆம் ஆண்டில் இம்முறை மீண்டும் சோதனைக்குள்ளானது. கொரோனா வைரசு ஐரோப்பாவிற் பரவிய மார்ச் மாதத்தில், ஜேர்மனியின் றொபேட் கொக் நிறுவகம் பிரேதத்தின் உட்பரிசோதனையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்திற்று. அறுக்கும்போது எழும் நுண்துளிகள் வழியே நோய் தொற்றலாம் என்பதே காரணம். மேசையருகே நிற்கும் தொழிலாளியின் உயிரை எண்ணுவோர் இவ்வெச்சரிக்கையை எள்ளி நகையாடமாட்டார்கள். ஆனால், முன்பின் அறியாத நோயொன்றில் இறந்தவரை ஆராயாமலே அடக்கஞ் செய்தால், அடுத்த கட்டிலிற் கிடப்பவருக்கு எதைக் கொண்டு சிகிச்சை அளிப்பது? ஹம்பேர்க் மாநிலம் எதிர்வழி சென்றது. நோய் உறுதிசெய்யப்பட்டு இறந்தோர் அனைவரையும் பரிசோதிக்க ஆணை பிறந்தது. சட்ட மருத்துவப் பேராசிரியர் கிளவுஸ் பியூஷலின் நிறுவனம் அப்பணியை ஏற்றது. ஏப்ரலில் றொபேட் கொக் நிறுவகமும் தன் அறிவுறுத்தலை மாற்றிக்கொண்டது.

முதற் பன்னிரண்டு உடல்களின் முடிவு மே மாதம் வெளியாயிற்று. ஏழு பேரின் ஆழ்நாளங்களிற் குருதி உறைந்திருந்தது. உயிரோடிருந்தபோது அவர்களில் எவரிடத்தும் அது சந்தேகிக்கப்படவில்லை. நால்வரின் மரணத்துக்கு நேரடிக் காரணமே, அவ்வாறு உறைந்த கட்டி இருதயத்தின் வலப்புறத்தூடாகச் சென்று சுவாசப்பை நாடியை அடைத்தமைதான். மூச்சு நின்றதற்குச் சுவாசப்பை அழற்சி ஒன்றே காரணம் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது. மற்றோர் ஆய்வுக்குழு, இந்நோயில் இறந்த எழுவரின் சுவாசப்பைகளை இன்புளுவென்சாவில் இறந்த எழுவரினவற்றோடு ஒப்பிட்டது. நுண்குழாய்களில் உறைகட்டிகள் ஒன்பது மடங்கு மிகுந்திருந்தன.

இக்கண்டுபிடிப்பைப் பிரேத மேசைக்கு மட்டும் உரிமையாக்குவது மிகை. நெதர்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் அதே காலத்திற் குருதியுறைவு கவனிக்கப்பட்டிருந்தது. எனினும் ஐயத்தை நீக்கியது மேசைதான். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை முழு அளவிற் கொடுப்பது மிதமான நோயாளருக்குப் பயன் தந்தது என்றும், உயிராபத்தான நிலையை அடைந்துவிட்டோருக்குப் பயன் தரவில்லை என்றும் 2021இல் வெளியான பெரும் பரிசோதனைகள் காட்டின. காலந் தாழ்த்தாது தொடங்கவேண்டிய சிகிச்சை அது.

நாளத்திற் பிறந்த கட்டி சுவாசப்பைக்குப் பயணஞ் செய்யும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவியவர் ருடோல்ப் விர்ச்சோ. அவரே 1848இல் மேல் சைலீசியாவின் பட்டினிக் கிராமங்களிற் கொள்ளைநோயை ஆராயச் சென்று, அரசு எதிர்பார்த்த மருந்துப் பட்டியலுக்குப் பதிலாகக் கல்வியும் முழுமையான சனநாயகமும் வேண்டும் என அறிக்கை எழுதியவர். நுணுக்குக்காட்டி எங்கே முடிகின்றது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஹம்பேர்க்கில் இறந்த பன்னிருவரும் முன்னரே வேறு நோயுடையோர் என்ற செய்தியைப் பற்றிக்கொண்டு, அச்சம் மிகையானது என்று பேசியோர் பலர். சலரோகமும் உயர் குருதியமுக்கமும் வானத்திலிருந்து விழுந்தனவா? நியூ ஓர்லியன்சில் பரிசோதிக்கப்பட்ட பத்துப் பேரும் கறுப்பின மக்கள்; வயது 44 முதல் 78 வரை. அவர்களது சுவாசப்பைகளிலும் அதே நுண்கட்டிகள். அம்மாநிலமான லூசியானாவின் சனத்தொகையிற் கறுப்பின மக்கள் மூன்றிலொரு பங்கினர். 2020 ஏப்ரல் முற்பகுதியில் எண்ணப்பட்ட கொரோனா மரணங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது அவர்களுடையவை.