ஈழப்போர்க் கால இளையோர்

இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 1983 முதல் 2009 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது குழந்தைப் பருவத்தையும் பதின்பருவத்தையும் கழித்த தலைமுறையினர் ஈழப்போர்க் கால இளையோர் எனப்படுகின்றனர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கடல்வழியே சுமார் 110 கிலோமீட்டர்தான். நாகை, காரைக்கால் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியும் தேர்வும் வழக்கம்போல் நடந்த அதே ஆண்டுகளில், எதிர்க்கரையில் வளர்ந்தவர்களுக்கு மறுநாள் பள்ளி இருக்குமா, வீடு இருக்குமா என்பதே தெரியாமலிருந்தது. நிலையின்மையை இவர்கள் தனித்தனியாகச் சமாளிக்கவில்லை. குடும்பம், பள்ளி, கோயில், தேவாலயம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டே அதைக் கடந்தனர்.

பின்னணி

தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்றாக்கி 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல், படிப்பையே முன்னேறும் வழியாக நம்பியிருந்த யாழ்ப்பாண இளைஞரைக் கொதிப்படையச் செய்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் போர் முழுவீச்சில் மூண்டது. 1987இல் வந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியது. அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களின் பிள்ளைகளில் பலர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர்.

அன்றாட உத்திகள்

சத்தத்தைப் பிரித்தறிவதே பிள்ளைகள் முதலில் கற்ற பாடம். ஹெலிகொப்டரா, பொம்பரா, கிபிர் போர்விமானமா என்று காதாலேயே கண்டுகொண்டனர். ஷெல் புறப்படும் ஒலிக்கும் விழும் ஒலிக்கும் இடைப்பட்ட நொடிகளுக்குள் தரையில் குப்புறப் படுக்கப் பழகினர். வீட்டு வளவிலும் பள்ளி மைதானத்திலும் பதுங்குகுழிகள் வெட்டி, மேலே பனங்குற்றிகளைப் பரப்பி மண்மூட்டைகளை அடுக்கினர்.

1990களில் அரசு விதித்த பொருளாதாரத் தடையால் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் பேட்டரியும் கிடைப்பது அரிது. அப்போது பரவியதுதான் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெயில் நனைத்து, மெல்லிய திரி ஒன்றை நிறுத்திக் கொளுத்துவார்கள். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கும், எண்ணெயும் மிச்சமாகும். அந்த ஒளியில்தான் பலர் பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரத் தேர்வுக்குப் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர்.

கல்வி

சாதாரணதர, உயர்தரத் தேர்வுகளே இளையோரின் ஆண்டைப் பகுத்துக் கொடுத்த நாட்காட்டி. போர்முனைக்கு இருபுறமும் மாணவர் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினர். இடம்பெயர்ந்த பள்ளிகள் வேறு பள்ளிகளின் கட்டடங்களில் பிற்பகல் வகுப்பு நடத்தின; இடம் கிடைக்காதபோது மரநிழலே வகுப்பறையானது. பள்ளியும் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. 1995 செப்டம்பர் 22 அன்று வடமராட்சி நாகர்கோவில் பள்ளி மீது விழுந்த குண்டுகளில் மாணவர்கள் இறந்தனர்.

ஆட்சேர்ப்பும் வெளியேறுதலும்

சிலர் தாமே விரும்பிப் போராளி இயக்கங்களில் சேர்ந்தனர். பலர் கட்டாயத்தால் சேர்க்கப்பட்டனர். 2003 முதல் 2008 இறுதி வரை விடுதலைப் புலிகள் சிறாரைச் சேர்த்ததாக 6,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை யுனிசெப் பதிவுசெய்தது. 2004இல் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அணியும் கிழக்கில் சிறாரைச் சேர்த்தது. போரின் கடைசி ஆண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பெற்றோர் பிள்ளைகளை ஒளித்து வைத்தனர். ஆட்சேர்ப்புக்குத் தப்புவிக்க இளவயதிலேயே திருமணம் செய்துவைத்தனர்.

நாட்டைவிட்டு வெளியேறுவது தப்புவதற்கான இன்னொரு வழி. காணியை விற்றும் நகையை அடகு வைத்தும் மூத்த மகனைக் கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ அனுப்பின குடும்பங்கள். வசதியற்றோர் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தனர். மண்டபம் முதலிய முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளின் படிப்புக்கு, சா. செ. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் துணைநின்றது.

உளநல ஆய்வுகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கத்தைப் பற்றி 1998இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை ஆவணமாகும். காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கிறது என்ற கருத்தைப் பின்னர் அவர் விரித்துரைத்தார். வன்னிப் பள்ளி மாணவர் 420 பேரிடம் தாமஸ் எல்பர்ட் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினர் குண்டுவீச்சு, உறவினர் சாவு போன்ற கொடிய நிகழ்வுகளுக்கு உள்ளாகியிருந்தனர். 25 விழுக்காட்டினருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்தைய மனவடு நோய் இருந்தது. அதாவது, அவ்வளவு பட்டும் நான்கில் மூவர் அந்நோய்க்கு ஆளாகவில்லை. 2008இல் வெளியான கிளவுடியா கட்டானி குழுவினரின் ஆய்வு, போர் அனுபவமும் தந்தையின் குடியும் வீட்டுக்குள் பிள்ளைகள் மீது நடக்கும் வன்முறையோடு தொடர்புடையவை என்று காட்டியது. பிள்ளையைத் தாங்கும் குடும்பமே அடிக்கும் குடும்பமாகவும் மாறக்கூடும் என்பது இதனால் புலப்பட்டது.

கலை

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் மேடையேற்றினர். பேச அஞ்சிய துயரை மேடையில் பேச அது வழி திறந்தது. மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண்ணில் உருவங்கள் செய்தனர், படம் வரைந்தனர், கதை சொன்னார்கள். பதின்பருவத்தில் புலிகள் இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஷோபாசக்தி, அந்த அனுபவப் பின்னணியில் ‘கொரில்லா’ (2001) நாவலை எழுதினார்.

இறுதிக்கட்டமும் பின்னரும்

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடங்கினர். கிளிநொச்சி மருத்துவமனையும் தருமபுரத்துக்கு இடம்பெயர்ந்து இயங்கியது. மே மாதம் போர் முடிந்தபின் ஏறத்தாழ 3 லட்சம் பேர் முகாம்களில், பெரும்பாலும் வவுனியா மெனிக் பாமில், அடைக்கப்பட்டனர். அந்த ஆகஸ்டிலேயே முகாமிலிருந்த மாணவர்கள் உயர்தரத் தேர்வு எழுதினர்.

துப்பாக்கிகள் ஓய்ந்தாலும் நிலையின்மை ஓயவில்லை. அண்ணன் இருக்கிறானா, அப்பா திரும்புவாரா என்று தெரியாமல் வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 2017 பிப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மறு ஆண்டு காணாமற்போனோர் அலுவலகம் செயற்படத் தொடங்கியது; பெரும்பாலான குடும்பங்களுக்கு அதனிடமிருந்தும் விடை கிடைக்கவில்லை.