மேலச்சில் எஞ்சிய ஆக்கிரமிப்பு: பெரு அஞ்சல்தலைகளில் சிலியின் அரசுச் சின்னம்

பசிபிக் போரின்போது, 1881 சனவரியில், சிலியின் படைகள் பெருவின் தலைநகர் லிமாவைக் கைப்பற்றின. ஆக்கிரமிப்பு நிர்வாகம் அங்கிருந்த பெரு அஞ்சல்தலைகளை அழிக்கவில்லை. 1881–82இல் அவற்றின்மீது சிலியின் அரசுச் சின்னத்தை மேலச்சிட்டுப் புழக்கத்தில் விட்டது. விக்குன்யா, சின்கோனா மரம், காசு சொரியும் கொம்பு ஆகியவற்றைக் கொண்ட பெருவின் சின்னம் அடியிலும், ஒற்றை விண்மீன் கேடயம் மேலுமாக, இரு குடியரசுகளின் இறையாண்மை உரிமைகள் ஒரே தாளில் மோதுகின்றன. தோற்ற அரசின் சின்னம் மறைக்கப்படாமல் கீழ்ப்படுத்தப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1883 அக்டோபரில் ஆன்கோன் உடன்படிக்கை கையொப்பமானது. சிலியின் படை லிமாவை விட்டகன்றது. அதன்பின் பெருவின் பெயர் தாங்கிய முக்கோண மேலச்சு அத்தலைகளில் இடம்பெற்றது. ஆட்சி மாற்றத்தை அறிவிக்க இரு தரப்பும் ஒரே உத்தியைக் கையாண்டன.

இத்தலைகளைச் சான்றாகக் கொள்வோர்க்கு ஓர் இடர் உண்டு. அடித்தலை உண்மையானதாயிருக்க, மேலச்சு மட்டும் பிற்காலப் போலியாயிருக்கலாம். எனவே சேகரிப்பேட்டில் தனித்து ஒட்டப்பட்ட தலையினும், நாள் முத்திரையுடன் உறைமீதே எஞ்சிய தலை வரலாற்றாய்வுக்கு வலுவான ஆவணமாகும். உறையிலிருந்து தலையைப் பிரித்தெடுக்கும் பழக்கம், அது வழங்கிய ஊரையும் நாளையும் அழித்துவிடுகிறது.