இந்தியாவில் பாம்புக்கடி மருத்துவம்

பாம்புக்கடி மருத்துவம் என்பது நச்சுப்பாம்பு கடித்தவரின் உடலில் பரவும் நஞ்சைச் செயலிழக்கச் செய்து உயிர்காக்கும் மருத்துவம் ஆகும். இதன் முதன்மை மருந்து பாம்பு நஞ்சுமுறி எனப்படுகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் நாட்டுப்புற மக்கள் ஆவர். நஞ்சுமுறி உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டபோதும், அது உரிய நேரத்தில் பலருக்குக் கிடைப்பதில்லை.

தயாரிப்பு

பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1890களில் நாகப்பாம்பின் நஞ்சுக்கு எதிரான மருந்தை உருவாக்கினார். சிறிதளவு நஞ்சு குதிரைகளுக்குப் பலமுறை செலுத்தப்பட்டு, அவற்றின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருள்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. இந்திய நஞ்சுமுறி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிரானது. இதற்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. இது 1978 இல் தொடங்கப்பட்டது.

கிடைப்பதில் உள்ள தடைகள்

நீர்ம நிலையிலுள்ள நஞ்சுமுறியை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்க வேண்டும். உறையவைத்து உலர்த்திய தூள், குளிர்பதன வசதி குறைந்த இடங்களுக்கு ஏற்றது. தொடக்கத்தில் பொதுவாக 10 குப்பிகள் வரை தேவைப்படும். பாம்பு செலுத்தும் நஞ்சின் அளவு கடிபட்டவரின் எடையைப் பொறுத்ததன்று. ஆகவே குழந்தைகளுக்கும் அதே அளவு மருந்து தரப்படுகிறது.

குதிரைப் புரதத்தால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். அதைத் தணிக்க அட்ரினலின் மருந்தும் பயிற்சி பெற்ற பணியாளரும் தேவை. இவை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து நோயாளிகள் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவதால் காலம் வீணாகிறது. கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்தால் செயற்கைச் சுவாசக் கருவியும் இன்றியமையாதது.

மருந்தின் எல்லைகள்

ஒரே இனப் பாம்பின் நஞ்சும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எனவே ஒரு பகுதியில் பெற்ற நஞ்சைக் கொண்டு தயாரித்த மருந்து, பிற பகுதிகளில் அதே அளவு பயன் தராமல் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் குழிவிரியன்களுக்கு எதிராக இந்நஞ்சுமுறி உருவாக்கப்படவில்லை.

நடவடிக்கைகள்

உலக சுகாதார அமைப்பு 2017 இல் பாம்புக்கடி நச்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது. பாம்புக்கடி இறப்புகளையும் உடல் ஊனங்களையும் 2030 க்குள் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை 2019 இல் வெளியிட்டது. இந்திய அரசு 2024 மார்ச்சில் தேசிய செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. பாம்புக்கடி இறப்புகளை 2030 க்குள் பாதியாகக் குறைப்பதே இதன் இலக்காகும்.