லேக் கார்டன்: 123 ஆண்டுகளில் நிறைவேறிய எண்ணம்

கோலாலம்பூர் வாசிகள் இன்றும் ‘லேக் கார்டன்’ என்றழைக்கும் பெர்டானா தாவரவியல் பூங்கா, தலைநகரின் முதல் பெரிய பொதுப் பூங்காவாகும். பிரிக்பீல்ட்ஸுக்கு அருகில் 91.6 ஹெக்டரில் அது அமைந்துள்ளது.

1888-இல் சிலாங்கூர் மாநிலப் பொருளாளர் ஆல்ஃபிரட் வென்னிங், 173 ஏக்கர் பள்ளத்தாக்கைத் தாவரவியல் பூங்காவாக்கப் பரிந்துரைத்தார். பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் அதனை ஏற்று நிதியும் ஒதுக்கினார். புதர்க்காடு அழிக்கப்பட்டது; பிராஸ் பிராஸ் ஓடையில் அணை கட்டி ஏரி உருவாக்கப்பட்டது. சுவெட்டன்ஹாமின் துணைவியாரின் பெயரால் அதற்குச் சிட்னி ஏரி எனப் பெயரிட்டனர். பணிகள் முழுமையடையும் முன்பே, 1889 மே 13-ஆம் தேதி பூங்கா திறக்கப்பட்டது.

எனினும், வென்னிங் எண்ணியதுபோல் தாவர ஆய்வுக்குரிய இடமாக இல்லாமல், நீண்ட காலம் அது பொழுதுபோக்குத் தலமாகவே விளங்கியது. 1975-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் அதற்குத் ‘தாமான் தாசேக் பெர்டானா’ எனப் பெயர் சூட்டினார். 2011-இல்தான் அது தாவரவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த நகரின் நடுவே, ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரியும் அதைச் சுற்றிய பசுமையும் இன்றும் பொதுமக்களின் சொத்தாகவே உள்ளன.