அரச மரபும் குடிப்பெயரும்

அரசர்க்குக் குடும்பப்பெயர் உண்டோ எனும் வினா எளிதாகத் தோன்றினும், தமிழ் வரலாற்றைப் பொறுத்தவரை விடை அத்துணை எளிதன்று. படிவங்களில் நாம் நிரப்பும் குடும்பப்பெயர் வேறு. அரியணைப் பெயர் வேறு. மரபுப் பெயர் வேறு. இவற்றை ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் சிறிதன்று.

யாழ்ப்பாண அரசை நோக்குக. ஆரியச்சக்கரவர்த்தி என்பது அம்மரபினர்க்குப் பொதுப்பெயர். 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தாவும் தாம் சந்தித்த மன்னனை அப்பெயராலேயே குறிக்கின்றார். முடி சூடுங்காலோ செகராசசேகரன், பரராசசேகரன் எனும் இரு பெயர்கள் மாறி மாறி வந்தன. ஆதலின் செகராசசேகரம் எனும் மருத்துவ நூல் எம்மன்னன் காலத்தது என்று பெயரை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. சோழரின் இராசகேசரி, பரகேசரி என்பனவும் பாண்டியரின் மாறவர்மன், சடையவர்மன் என்பனவும் இம்முறையினவே.

1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் தந்தைவழியிற் கீழைச் சாளுக்கியன். இராசேந்திர சோழன் மகள் அம்மங்கைதேவியின் மைந்தன். எனினும் இராசகேசரி எனும் பட்டம் பூண்டு சோழனாகவே ஆண்டான். 1739இல் கண்டியில் அரசியின் உடன்பிறந்தானான நாயக்க இளவரசன் முடி சூடியபோதும் இதுவே நிகழ்ந்தது. அவ்வழியில் வந்த கண்ணுசாமியை வரலாறு ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் என்றே அறியும். பெயர் குருதியைத் தொடர்ந்ததன்று; அரியணையைத் தொடர்ந்தது. பிரித்தானிய அரச குடும்பத்தார் தம் ஜெர்மானியப் பெயரை விடுத்து, 1917இல் ஒரு கோட்டையின் பெயரால் வின்சர் எனத் தம்மை அழைத்துக்கொண்டதும் போர்க்கால அரசியலின் தேவையாலேயாம்.

வினாயகபுரத்தையும் கல்முனையையும் உள்ளடக்கிய நம் கரையோரத்தில் நிலைமை வேறு. இங்கே குடி தாய்வழி வருவது. இது தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவழியே பொறுப்பேற்று வந்தனர். ஆயினும் குடிப்பெயரை எவரும் தம் பெயரோடு எழுதுவதில்லை. பெயருக்கு முன் நிற்பது தந்தையின் பெயரே. குடியை அறிய ஏடுகளைக் காட்டிலும் மூத்த பெண்களையே கேட்டல் வேண்டும். இவ்வழமைப்படி நோக்கின், குலோத்துங்கன் தாயாலும் சோழனாகான். அம்மங்கையின் குடி அவள் தந்தையினதன்று. அவளைப் பெற்ற அரசியின் குடியாகும்.

இப்பகுதியிற் கலிங்க குடி என்றொரு குடி உண்டு. 1215இல் பொலனறுவையைக் கைப்பற்றிய கலிங்க மாகனோடு இப்பெயரை இணைத்து, அரச வழித்தோன்றல் எனப் பெருமை கொள்வார் உளர். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் மாகனைப் பேசுகின்றது. பெயரொப்புமை ஒன்றே வமிசாவளிக்குச் சான்றாகாது. அன்றியும், கலிங்கத் தலைவன் ஒருவன் இங்கு மணந்து வாழ்ந்தான் எனக் கொள்ளினும், அவன் மக்கள் சேர்வது மனைவியின் குடியையே. அக்குடிப்பெயர் கலிங்கத்திலிருந்து வந்ததாயின், அதனைக் கொணர்ந்தவள் ஒரு பெண்ணாதல் வேண்டும். அவளைப் பற்றி நம் வமிசப் பெருமை பேசுவோர் எவரும் இதுவரை கேட்டதில்லை.