வெட்டிய வண்டியில் எது ஒரிஜினல்? பிக்கப்பும் ஹாட் ராடும்

அமெரிக்காவில் பழைய வண்டிப் பிரியர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் எழுபது எண்பது வருஷத்துப் பிக்கப் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்கணும் என்பது ஒரு கட்சி. கூரையை வெட்டித் தாழ்த்தி, பெரிய வி8 எஞ்சினைப் போட்டு ஹாட் ராட் ஆக்கணும் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு இரண்டாவது கட்சி வரலாற்றைக் கொல்கிறவர்கள். இரண்டாவது கட்சிக்கு முதல் கட்சி மியூசியம் வாட்ச்மேன்கள்.

இந்த விஷயத்தைக் கொஞ்ச நாளாகத் தோண்டிப் படித்ததில் எனக்குத் தோன்றுவது: ரெண்டு பேருமே பிக்கப்பின் கதையைப் பாதியிலிருந்துதான் படிக்கிறார்கள். பிக்கப் என்ற வண்டியே ஒரு வெட்டி ஒட்டல். அந்த வெட்டி ஒட்டலை ஆரம்பித்தது ஃபோர்டு இல்லை, பண்ணைக்காரர்கள்.

1908-இல் வந்த மாடல் டி ஃபோர்டு ஒரு பயணக் கார். 20 குதிரைத்திறன், 2.9 லிட்டர், நாலு சிலிண்டர். விவசாயிகள் அதை வாங்கியதும் செய்த முதல் காரியம், பின்னால் இருந்ததைக் கழற்றிவிட்டு ஒரு மரப்பெட்டியைப் பொருத்தியது. முட்டை, பால் கேன், தீவனம், கன்றுக்குட்டி எல்லாம் அதில்தான் போகும். உள்ளூர்ப் பட்டறைகள் பெட்டி செய்து விற்றன. டீலர்களே சிலர் பொருத்திக் கொடுத்தார்கள். 1917-இல் ஃபோர்டு மாடல் டிடி என்று ஒரு டன் சேசிஸ் கொண்டுவந்தது. அதுவும் வெறும் சேசிஸ்தான், மேலே என்ன கட்டுவது என்பது வாங்குகிறவர் பாடு.

1925 ஏப்ரல் 15-இல்தான் ஃபோர்டு தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்திய 'ரனபவுட்' வண்டியை விற்பனைக்கு விட்டது. விலை 281 டாலர். இரும்புப் பெட்டி, திறந்து மூடும் பின்கதவு, பக்கவாட்டில் கம்பு செருக நாலு குழி, பின்னால் கொஞ்சம் கனமான வில். பயனர்கள் தாங்களாகவே செய்துகொண்ட பேட்ச்சைக் கம்பெனி அடுத்த ரிலீஸில் சேர்த்துக்கொண்ட கதை இது. எங்கள் தொழிலில் தினமும் நடப்பதுதான்.

ஆக 'ஒரிஜினல் பிக்கப்' என்று நாம் கும்பிடுகிற வடிவம், கம்பெனி ஒப்புக்கொண்ட ஒரு மாடிஃபிகேஷன். அதற்குப் பின்னாலும் வெட்டுவது நிற்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் பழைய டி, ஏ மாடல் கார்களை வெட்டி டிராக்டராக்கினார்கள். அவற்றுக்கு 'டூடுல்பக்' என்று பெயர். புது டிராக்டர் வாங்கக் காசில்லாதவனின் டிராக்டர்.

இதே காலத்தில் கலிஃபோர்னியாவின் தெற்கே வேறு ஒரு கூட்டம் பழைய ஃபோர்டுகளை வெட்டிக்கொண்டிருந்தது. சோறு அவர்கள் நோக்கம் இல்லை, வேகம்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றிக் களிமண் இறுகி, மைல் கணக்கில் சிமெண்டுத் தரை மாதிரிக் கிடக்கும். அங்கே போய் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது இருபது வயசுப் பையன்களின் வாராந்திரப் பழக்கம். கையில் காசு கிடையாது. குப்பைக் கடையில் சல்லிசாகக் கிடைத்தது மாடல் டியும் மாடல் ஏயும்தான். எஞ்சின் சக்தியைக் கூட்டச் செலவாகும். எடையைக் குறைக்கச் செலவே இல்லை. மட்கார்டு, பம்பர், ரன்னிங் போர்டு, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். ஹாட் ராடின் 'ஸ்டைல்' என்று இன்றைக்கு லட்சக்கணக்கில் கொடுத்துச் செய்கிற அந்த மொட்டைத் தோற்றம் இப்படி வந்ததுதான். 1937-இல் கிளப்புகள் சேர்ந்து தென் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தைத் தொடங்கின. ஓட்டத்தை அளக்க விதிமுறை, கடிகாரம் எல்லாம் அதன் பிறகு ஒழுங்காயின. 'ஹாட் ராட்' என்ற சொல் பரவியது போருக்குப் பிறகு. அதற்கு முன் இந்த வண்டிகளைக் 'கௌ ஜாப்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதில் 1932 முக்கியமான வருஷம். அந்த வருஷம்தான் ஃபோர்டு 'ஃபிளாட்ஹெட்' வி8-ஐக் கொண்டுவந்தது. 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். வி8 அதற்கு முன்பும் இருந்தது, ஆனால் பணக்காரர்களின் கார்களில். ஃபோர்டு எட்டு சிலிண்டரையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக ஊற்றியதால் சாதாரண ஆள் வாங்குகிற விலைக்கு இறங்கியது.

அந்த எஞ்சினில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. வால்வுகள் எஞ்சின் தலையில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் ('தட்டைத் தலை' என்ற பெயரே அதனால்தான்). எரிந்த புகை பிளாக்கின் உள்ளே, குளிர்விக்கும் தண்ணீரை ஒட்டியே போய் வெளியேறணும். போதாக்குறைக்கு நடுவில் இருக்கும் ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே புகை வழி. ஆக நாலு சிலிண்டருக்கு மூணு வாய். வெயில் காலத்தில் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஹாட் ராட் பையன்கள் கற்றுக்கொண்ட பாதி வித்தை இந்த எஞ்சினின் குறைகளோடு மல்லுக்கட்டியதில் வந்தது: வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது, ஒரு கார்புரேட்டருக்குப் பதில் ரெண்டு மூணு ஸ்ட்ராம்பர்க் 97 வைப்பது, பின்னாளில் 1949 மெர்க்குரியின் நீள வீச்சுக் கிராங்க் ஷாஃப்டைக் கொண்டுவந்து மாட்டுவது. புத்தகத்தில் இல்லாத பொறியியல். பி.இ. படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

1942 பிப்ரவரியில் போருக்காக அமெரிக்காவில் சொந்தக் கார் உற்பத்தி நின்றது. பழைய இரும்பு திரட்டும் இயக்கத்தில் ஏகப்பட்ட பழைய வண்டிகள் உருக்குலைக்குப் போயின. முராக் ஏரி ராணுவ விமான தளத்தோடு போயிற்று. இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். போர் முடிந்து திரும்பிய பையன்களுக்கு வெல்டிங் தெரியும், விமான எஞ்சின் தெரியும். பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் கூடுதல் பெட்ரோல் டேங்கை வாங்கி, அதையே உடலாக வைத்து 1946-இல் ஒரு பந்தய வண்டி கட்டினார். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' இதழைத் தொடங்கினார், விலை 25 சென்ட். 1949-இல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புத் தரையில் முதல் 'ஸ்பீட் வீக்' நடந்தது. 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஏற்படுத்தினார்.

இந்தக் கதையில் பிக்கப்புக்கு ஆரம்பத்தில் பெரிய இடமில்லை. அது கனம், மூட்டை தூக்கப் பிறந்தது. பின் வில் கல் மாதிரி இருக்கும், சுமை இல்லாமல் ஓட்டினால் பின் சக்கரம் துள்ளும். கியர் விகிதமும் மேடு ஏறத்தான், பறக்க இல்லை. அதனால் பிக்கப் முதலில் ஹாட் ராட் உலகத்துக்குள் வந்தது துண்டு துண்டாகத்தான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நார்ம் கிராபவ்ஸ்கி என்ற நடிகர் 1922 மாடல் டியின் முன்பாதியை எடுத்து, பின்னால் ஒரு மாடல் ஏ பிக்கப்பின் பெட்டியை வெட்டிக் குட்டையாக்கி ஒட்டி, காடிலாக் வி8 போட்டார். அந்த வண்டி 1957-இல் 'லைஃப்' இதழ் வரைக்கும் போயிற்று. 1958-இல் தொடங்கிய '77 சன்செட் ஸ்ட்ரிப்' தொலைக்காட்சித் தொடரில் குக்கி என்ற பாத்திரம் அதை ஓட்டியபின் அமெரிக்கா முழுக்க அந்த அச்சில் 'டி-பக்கெட்' கட்ட ஆரம்பித்தார்கள். அந்தப் பெட்டியில் ஒரு மூட்டை அரிசி வைக்கக்கூட இடம் கிடையாது.

ஏறக்குறைய அதே சமயம், ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்பவரின் 1929 மாடல் ஏ பிக்கப்பை ஜார்ஜ் பாரிஸ் தன் பட்டறையில் ஆளே அடையாளம் தெரியாமல் மாற்றினார். டாட்ஜ் ஹெமி எஞ்சின், முத்து வெள்ளைப் பூச்சு. 'ஆலா கார்ட்' என்று பெயர். ஓக்லண்ட் ரோட்ஸ்டர் கண்காட்சியில் 1958, 1959 இரண்டு வருஷமும் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் பரிசு அதற்குத்தான். பண்ணை வண்டிக்குப் பேரழகி பட்டம்!

முழுப் பிக்கப்பையே ஹாட் ராட் ஆக்கும் வழக்கம் போருக்குப் பிந்திய வண்டிகள் பழசானபின் வலுத்தது: 1947-இல் வந்த செவ்ரோலேயின் உருண்டை முக வரிசை, 1948-இல் வந்த ஃபோர்டு எஃப்-1, 1953-இன் எஃப்-100. இன்று ஒரு எஃப்-1-ஐ எடுத்தால் வேலை பெரும்பாலும் அடியிலிருந்து ஆரம்பிக்கும். சேசிஸ் சட்டம் 'சி' வடிவத்தில் திறந்திருக்கும். பெரிய எஞ்சினின் முறுக்கைத் தாங்காது. திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்டு செய்து பெட்டிச் சட்டம் ஆக்குவார்கள். முன்னால் இருக்கும் ஒற்றை இரும்பு அச்சை எடுத்துவிட்டு, எழுபதுகளின் மஸ்டாங் 2 காரின் முன் சஸ்பென்ஷன் அமைப்பைப் பொருத்துவது கிட்டத்தட்டச் சம்பிரதாயம். அளவில் சின்னது, ஸ்டியரிங்கும் லேசு. 6 வோல்ட் மின்சாரம் 12 ஆகும். டிரம் பிரேக் டிஸ்க் ஆகும். எஞ்சின் பெரும்பாலும் செவ்ரோலே வி8, அதாவது ஃபோர்டு வண்டிக்குள் எதிராளியின் இதயம். இதற்கு மட்டும் தனியாக ஒரு சண்டை நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

இதில் எதைத் திரும்பப் பெறலாம், எதைப் பெற முடியாது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அசல் கேள்வி. போல்ட் போட்டு மாட்டிய எஞ்சினை நாளைக்குக் கழற்றலாம். வெட்டித் தாழ்த்திய கூரை ரிவர்ட் பண்ண முடியாத கமிட். ஆனால் கூரையைவிட மோசமான இழப்பு யாரும் கவனிக்காத ஒன்றில் நடக்கிறது: துரு நீக்கம். வேலைக்கு ஓடிய பிக்கப்பின் கதவில் பல சமயம் மங்கலாக எழுத்து இருக்கும். கடைப் பெயர், ஊர்ப் பெயர், மூணு இலக்க டெலிபோன் எண். உள்ளே தகட்டில் யாரோ போட்ட ஒட்டு, பெட்டியின் மரப்பலகையில் பால் கேன் தேய்த்த வட்டம். இதெல்லாம் சாசனம். மணல் வீசும் குழாயைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் போய்விடும். மெல்லிய தகட்டில் மணல் வீசினால் தகடே நெளிந்துவிடும் என்பது வேறு.

நம் கோயில் திருப்பணிகளில் மணல் வீச்சு என்ன செய்தது என்று கல்வெட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவர் பளிச்சென்று ஆயிற்று, எழுத்து மழுங்கிப் போயிற்று. குறைந்தபட்சம் மைப்படி எடுத்திருந்தால் வாசகமாவது மிஞ்சும். அதே போல வண்டியையும் தொடுவதற்கு முன்னால் அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்து, சட்டத்தில் அடித்த எண்ணைக் குறித்து, கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாமல் வைத்தால் பாதிச் சண்டை தீரும். ஏற்கெனவே யாரோ வெட்டிப்போட்ட வண்டியை மேலும் வெட்டுங்கள், தாராளமாக. முழுசாகத் தப்பிப் பிழைத்ததை வெட்டாதீர்கள். 1938-இல் மாடல் ஏ குப்பை, அந்தப் பையன்கள் எதையும் அழிக்கவில்லை. இன்று அது குப்பை இல்லை.

நம்மூரில் இந்தத் தலைவலியே கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாத வண்டிக்குத்தான் பழம்பெரும் வண்டி என்ற பதிவு. சட்டத்தின் கண்ணில் ஒரிஜினல் என்பது கம்பெனி கேட்டைத் தாண்டிய நாள், அவ்வளவுதான். 1925-க்கு முன் மரப்பெட்டி பொருத்திய அந்த மாடல் டி இந்தக் கணக்கில் தேறாது.

அமெரிக்காவில் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கோடீஸ்வரர்களின் பழைய கார்கள் வரிசை கட்டும் பெபிள் பீச் போட்டியில் 1997-இல் ஹாட் ராடுகளுக்கென்று ஒரு பிரிவு திறந்தார்கள். ஆலா கார்ட்டும் பாழாகிக் கிடந்து, 2008-இல் மீட்கப்பட்டுத் திரும்பக் கண்காட்சிக்கு வந்தது. 1929-இல் தொழிற்சாலையிலிருந்து வந்த பச்சைப் பிக்கப்பாக மாற்றலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் பாரிஸ் பட்டறையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படித்தான் கொண்டுவந்தார்கள், அந்த முத்து வெள்ளையோடு.

டூடுல்பக் டிராக்டர்களைப் பற்றித் தனியாக எழுதணும். அவற்றுக்கு இன்னும் எந்தக் கண்காட்சியும் பெரிதாகக் கதவு திறந்த மாதிரி தெரியவில்லை. அடுத்த குறிப்பில் பார்ப்போம்.