ஒரு நூற்பதிவு ஊர் சுற்றிய கதை

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் மலையின் மேற்குப் பக்கம் வந்து சேர்ந்ததும் அடி அண்ணாமலையில் சற்றுக் கால் ஆறுவது வழக்கம். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று ஊரார் காட்டும் சிறு கோயிலும் அங்கேதான். இந்த மலையைத் தமிழில் விரிவாகப் பாடிய தலபுராணம் சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம். அந்தப் புராணத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதன் பழைய அச்சுப் பிரதி ஒன்றுக்கு நூலகங்களில் ஒரு விலாசம் உண்டல்லவா, அந்த விலாசம், அதாவது நூற்பதிவு, பிறந்து வளர்ந்த கதைதான் இது. பிரதி நம் கற்பனை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நேர்வதெல்லாம் நூலகங்களில் நிஜமாகவே நடப்பவை.

முதல் பதிவு காவல் கணக்காகத்தான் பிறந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பத்து வருடம் கழித்து, 1867-இல் அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அச்சிட்டவர் பிரதிகளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் வெளியிடும். சென்னை மாகாணப் பட்டியல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழோடு வந்தது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி அடித்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று வேவு பார்க்க வெள்ளைக்காரன் போட்ட கணக்கு, இன்று தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கைகொடுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பே, 1865-இல், ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களுக்குப் பொருள்வாரியாக ஒரு பட்டியல் போட்டுவிட்டார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909-இல் வந்தது.

பிறகு நூற்பட்டியல் அட்டைகளின் காலம். ஏழரை சென்டிமீட்டர் உயரம், பன்னிரண்டரை அகலம், கீழே நடுவில் ஒரு துளை. யாரும் உருவிக்கொண்டு போய்விடாதபடி அந்தத் துளை வழியாக இழுப்பறையில் ஒரு கம்பி ஓடும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901 முதல் அச்சிட்ட அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒரே புத்தகத்துக்கு ஆயிரம் ஊரில் ஆயிரம் பேர் அட்டை எழுதுவானேன் என்ற யோசனைதான். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பை ஏற்றவர், ஒரு படி மேலே போனார். புத்தகம் கடைக்கு வருமுன், அச்சில் இருக்கும்போதே ஒரே இடத்தில் பகுப்பெண்ணும் பட்டியலும் தயாராகிவிட வேண்டும் என்றார்.

நம் பதிவைக் கடல் தாண்ட வைத்தது கோதுமை. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480-இன் கீழ் இந்தியாவுக்குத் தானியம் வந்தது. அதற்கான பணத்தை ரூபாயாகவே செலுத்தினோம். இங்கேயே தேங்கிய அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கித் தள்ளியது. ஒரே தமிழ்ப் புத்தகத்தின் பிரதிகள் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பிரிந்து போயின. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு, தாங்கள் வாங்கிய கோதுமை சிகாகோவில் தமிழ் அலமாரிகளை நிரப்பும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அங்கே அந்தப் புத்தகங்களுக்காகவே காத்திருந்ததுபோல் ஓர் ஏற்பாடும் உருவாகிக்கொண்டிருந்தது. ஹென்றியட் ஆவ்ரம் என்ற பெண்மணி 1960-களில் காங்கிரஸ் நூலகத்துக்காக மார்க் என்ற கணினி வடிவத்தை வகுத்தார். தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100 என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண். 1967-இல் ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் கூடி ஓ.சி.எல்.சி. கூட்டமைப்பை அமைத்தன. அதை நடத்தியவர் ஃபிரெடரிக் கில்கோர். 1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழக நூலகத்திலிருந்து இணைப்பு வழியாக நூற்பதிவு செய்யும் வேலை தொடங்கியது. விதி எளிது: புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் தேடு. பதிவு இருந்தால் உன் நூலகத்தின் பெயரை அதில் சேர்த்துவிட்டு நகரு. இல்லாவிட்டால் புதிதாக நீ எழுது, அடுத்தவன் எடுத்துக்கொள்வான்.

எல்லாம் அந்த முதல் ஆளின் கையில் இருக்கிறது. நம் அருணாசல புராணப் பிரதியை அவர் மேசையில் வைத்துப் பாருங்கள். முகப்புப் பக்கத்தில் ஆசிரியருக்கு இரண்டு வரி அடைமொழி, பரிசோதித்தவருக்கு மூன்று வரி. ஆண்டு என்று கிடைப்பதோ 'சர்வதாரி' மட்டும். அறுபது வருடத்துக்கு ஒரு முறை சுற்றி வரும் பெயர் அது. 1828-ஆ, 1888-ஆ, 1948-ஆ? அச்சகத்தின் பெயர், காகிதம், எழுத்துரு, அந்த அரசிதழ்ப் பட்டியல் என்று துழாவி, கடைசியில் சதுர அடைப்புக்குறிக்குள் 1888 என்று போட்டு ஒரு கேள்விக்குறியும் வைப்பார். ஆசிரியர் சைவ எல்லப்ப நாவலரா, வெறும் எல்லப்ப நாவலரா? ஒன்றைத் தலைமைப் பெயராக வைத்து, மற்றதை அதற்குக் கைகாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே புலவர் இரண்டு ஆளாகிவிடுவார். பக்கத்தைச் சரியாக எண்ணாமல் ஒருவர் போட்டுவிட்டால், அதே புத்தகத்துக்கு இன்னொருவர் வேறு பதிவு போட்டுவிடுவார். இரட்டைப் பதிவு என்பது எந்தக் கூட்டுப் பட்டியலுக்கும் தீராத தலைவலி.

அடுத்த சங்கடம் எழுத்து. பழைய கணினிகளுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே எல்லாம் ரோம எழுத்தில் போயிற்று. ஆங்கில எல் எழுத்தின் அடியில் கோடு போட்டால் ழ, புள்ளி வைத்தால் ள. கறாரான, தவறில்லாத முறை. ஆனால் தேடுகிறவன் கதி என்ன? அடி அண்ணாமலை என்று ஆங்கிலப் பெயர்ப்பலகை எழுதும்போது, 'அடி'யின் டகரத்துக்கு டாக்டர் என்ற சொல்லின் முதலெழுத்தைப் போடுகிறோம். நூலக முறையிலோ டாக்சி என்பதன் முதலெழுத்து, அடியில் புள்ளியோடு. திருவண்ணாமலையின் 'திரு'வில் பலரும் சேர்க்கும் எச் அங்கே கிடையாது. பலகையைப் பார்த்துத் தேடுகிறவனுக்கு, புத்தகம் இருந்தும் இல்லை. பின்னாளில் யூனிகோட் வந்தது, மார்க் பதிவில் 880 என்ற இடத்தில் தமிழ் எழுத்தே ஏறியது. அப்போதும் ரோம எழுத்து வரிதான் முன்னால் நின்றது, தமிழ் அதற்குத் துணை வரி. புத்தகம் தமிழ், படிப்பவர் தமிழர், துணை வரிசையில் தமிழ்! இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கதையில் திரும்பி வந்த பாதையும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் இதழ்களும் நோட்டீசுகளும் அவர் 1992-இல் காலமான பின் சிதறியிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் அவற்றை வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை. தொகுப்பு தமிழ்நாட்டிலேயே இருந்தது, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சென்னையில் தமிழ் தெரிந்தவர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய பதிவுகள், உலகப் பொதுப் பட்டியலுக்குத் தகுந்த வடிவில் தயாராயின. டெல்லிக்கும் ஒஹையோவுக்கும் போய்வந்த வேலை, உரிய மேசைக்கு வந்து சேர்ந்ததாகவே இதை நான் பார்க்கிறேன்.

இன்று இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 2000-இல் நியூசிலாந்தில் வெளிவந்த கோஹா மென்பொருள் இலவசம், நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகிறது. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்காக இன்ஃப்லிப்நெட் கூட்டுப் பட்டியல் நடத்துகிறது, 1988-இல் தொடங்கிய டெல்நெட்டும் அப்படியே. ஒரு கல்லூரி நூலகர் வெளியூர்ப் பதிவை இரண்டு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் கிரிவலப் பாதையில் விற்கும் தலபுராணச் சிறுநூலுக்கு எங்கே போய் எதை இறக்குவது? அதற்கு யாரும் முதல் பதிவே எழுதியிருக்க மாட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து ஆராய்ச்சியாளர் தேடப்போவது அந்த மாதிரிப் புத்தகத்தைத்தான்.

ஆகவே திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஆசிரியரின் முழுப்பெயர், அச்சான ஊர், பதிப்பு எண் போடுங்கள். ஆண்டை எண்ணிலேயே போடுங்கள், தமிழ் ஆண்டுப் பெயர் கூட இருக்கட்டும். 1954-ஆம் ஆண்டின் இந்திய நூல் ஒப்படைப்புச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டிய பிரதியை அனுப்பிவிடுங்கள். தபால் செலவு உங்களுடையது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது.